உஷார்! வலி அடங்கும்... மூட்டு அரிபடும்!

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றனவா? போன மாதம்வரை சுலபமாகக் கழன்ற மோதிரம் இப்போது சிக்கிக்கொள்கிறதா? துணி பிழியும்போது மணிக்கட்டில் சுரீர் என்கிறதா? இதெல்லாம் சில வாரங்களாகத் தொடர்ந்தால், அதுவும் இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி இருந்தால், தயவுசெய்து 'வாயு பிடித்திருக்கிறது' என்று பூண்டு உரித்துக்கொண்டு உட்காராதீர்கள். தைலம் தேய்த்து, மெடிக்கல் ஷாப்பில் நாலு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, 'இப்போ தேவலை' என்று நாளைக் கடத்தாதீர்கள். இந்த நோயில் ஆளைக் கவிழ்ப்பதே அந்தத் 'தேவலை'தான்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார் டாக்டர். ஊரில் முடக்குவாதம், சரவாங்கி என்பார்கள். இது முழங்கால் தேய்மானம் அல்ல. தேய்மானம் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். இது நேர்மாறு. ஓய்வெடுத்தால் மூட்டு இறுகும், விடியற்காலையில் ஆளை அசையவிடாது, வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலேயே ஆரம்பித்துவிடும். 'இந்த வயசுல உனக்கென்ன மூட்டுவலி?' என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியிலேயே சில மாதங்கள் போய்விடும். போகக்கூடாத மாதங்கள் அவை.

ஏன் என்று பார்ப்போம். மூட்டின் உட்புறத்தை சைனோவியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. சில செல்கள் அளவே தடிமன். உடலின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, சொந்த உடலையே தாக்க ஆரம்பிக்கும்போது இந்தச் சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்கிறது. அதிலிருந்து சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. இன்னொரு பக்கம், பழைய எலும்பை அகற்றுவதற்காக உடலே வைத்திருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு, நல்ல எலும்பையும் குடைய ஆரம்பிக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரத்தில் எலி கடித்ததுபோல் தெரியும் பள்ளங்கள் இப்படி விழுந்தவைதான். நோய் வந்த முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே பலருக்கு இவை விழுந்துவிடுகின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. நரம்பு இல்லாததால் அது கரைவது உங்களுக்கு நேரடியாக வலிக்காது. ரத்த ஓட்டம் இல்லாததால் கரைந்தது பழையபடி வளராது. நீங்கள் உணரும் வலியெல்லாம் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த வலியை அமுக்கும், வீக்கத்தைக்கூட ஓரளவு வற்றவைக்கும். எலும்பு அரிபடுவதை நிறுத்தாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. லண்டன் கென்னடி ஆய்வு நிலையத்தின் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் டி.என்.எஃப். என்ற புரதம்தான் இந்த அழற்சிக்குத் தலைமை தாங்குகிறது என்று கண்டு, 1992இல் அதைத் தடுக்கும் மருந்தை முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்று பெயர் பெற்ற அந்த மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2000இல் வந்தன. அவற்றைத் துருவியவர்கள் வியப்பான ஒன்றைப் பார்த்தார்கள்: வலியிலும் வீக்கத்திலும் பெரிய முன்னேற்றம் காணாத நோயாளிகளிடமும் எலும்புச் சேதம் கட்டுப்பட்டிருந்தது. பிரிட்டனின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2008இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். நோய் அடங்கிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டவர்களை எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்தபோது, பலருடைய மூட்டுக்குள் அழற்சி உயிரோடிருந்தது; அவற்றில் சில மூட்டுகள் மேலும் சிதைந்தன. ஆக, வலி வேறு, சேதம் வேறு. வாசற்காலுக்குப் பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே கரையான் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னும் திடுக்கிட வைப்பது, நோயின் தொடக்கம் பற்றிய ஆராய்ச்சி. நெதர்லாந்தில், பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேர் முன்பு தானமாகக் கொடுத்து, உறையவைத்துச் சேமிக்கப்பட்டிருந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவு: அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் ரத்தத்தில் நோயின் அடையாளமான ஆன்டிபாடிகள் முன்கூட்டியே இருந்தன. வலி வருவதற்குப் பல வருடம் முன்பே! ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு ஒரு படி மேலே போனது. இந்த ஆன்டிபாடிகள் எலும்பைக் குடையும் செல்களை நேரடியாகவே தூண்டக்கூடும் என்று 2012இல் காட்டியது. ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்து, மூட்டில் வீக்கமே வராதவர்களின் விரல் எலும்பிலும் இழப்பு தொடங்கியிருந்ததை அடுத்த இரண்டு வருடத்தில் படம் பிடித்தது. நீங்கள் டாக்டரிடம் போகும் முதல் நாள் நோயின் முதல் நாள் அல்ல.

அந்த ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு பரம்பரை. ஆனால், பரம்பரைமேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு பீடி பற்றவைக்க முடியாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து லார்ஸ் கிளாரஸ்கோக் குழுவினர் 2006இல் சொன்ன கணக்கு இது: குறிப்பிட்ட ஒரு மரபணு வகையை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர் புகையும் பிடித்தால், ஆன்டிபாடி உள்ள முடக்குவாதம் வரும் ஆபத்து 21 மடங்கு. புகை நுரையீரலில் உள்ள புரதங்களின் உருவை லேசாக மாற்றுகிறது. எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியன் என்று நினைத்துவிடுகிறது. நுரையீரலில் மூண்ட சண்டை விரல் மூட்டில் வந்து முடிகிறது.

'எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் சிகரெட் பிடிக்கிறதில்லையே?' நியாயமான கேள்வி. மலேசியாவில் நடந்த ஒரு ஆய்வைத் திருப்பூரும் கோவையும் ராஜபாளையமும் கவனிக்க வேண்டும். ஜவுளித் தூசியில் வேலை பார்த்த பெண்களுக்கு முடக்குவாத ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததாக அது சொன்னது. மில்லுக்குப் போகும் எல்லோருக்கும் இது வரும் என்று அர்த்தமில்லை. இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆனால், பஞ்சுத் தூசிக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு மாஸ்க் கொடுக்காத மில் முதலாளி இதைப் படிக்கட்டும். கல் குவாரி, மணல் தூள் விஷயத்திலும் சந்தேகம் பழையது. தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நுரையீரல் தூசி நோயும் முடக்குவாதமும் சேர்ந்து வருவதை அந்தோனி காப்ளன் என்ற டாக்டர் 1953லேயே பதிவு செய்தார். ஈறு வீங்கி ரத்தம் கசிவதும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2016இல் ஈறு நோய்க் கிருமி ஒன்று, புகையைப் போலவே, புரதங்களின் உருவை மாற்றத் தூண்டுவதைக் கண்டது. பல் டாக்டரைத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். 'மூட்டுவலிக்கு மூணே நாள்ல குணம்' என்று பஸ் ஸ்டாண்டிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் பெயரில்லாத பொட்டலம். மூன்று நாளில் படுத்தவரை எழுப்பி நடக்க வைக்கும் மருந்து உலகத்தில் உண்டா? உண்டு. அதன் பெயர் ஸ்டீராய்டு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே வந்தது. கொண்டாட்டம் அடங்குவதற்குள் வீங்கிய முகம், ஏறிய சர்க்கரை, உளுத்த எலும்பு என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. இன்றும் டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை. பொட்டலக்காரர் அளவும் சொல்ல மாட்டார், பெயரும் சொல்ல மாட்டார், 'மூலிகை' என்பார். ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்கப்பட்ட மூட்டுவலி 'சத்து மாத்திரை'களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் லேபிளில் சொல்லாமலே கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. அங்கேயே அப்படி என்றால், லேபிளே இல்லாத நம்மூர்ப் பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இதில் கொடுமை, இந்த நோய்க்கு மலிவான, நல்ல மருந்து இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லி ஆய்வகத்தில் பிறந்த மருந்து அது. முதலில் புற்றுநோய்க்கு, 1988இல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை உயர்ந்த ஊசிகள் வந்த பிறகும் சிகிச்சை பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 110 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியை மாதாமாதம் வரவழைத்து, மூட்டுகளை எண்ணிப் பார்த்து, அடங்கவில்லை என்றால் உடனே மருந்தைக் கூட்டினார்கள். புதுசாக எந்த மந்திர மருந்தும் இல்லை, அதே பழைய மாத்திரைகள்தான். 18 மாதத்தில் வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 16 பேருக்கு நோய் அடங்கியது; மாதாமாதம் வந்தவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு! எலும்பு அரிப்பும் அவர்களுக்கே குறைவு. 'மருந்து சரியில்லை' என்று டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒரே டாக்டரிடம் ஒழுங்காகத் திரும்பப் போனோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால், இந்த மருந்திலும் உஷார்! முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் போடும் மாத்திரை என்று நினைத்து விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2019இல் இதற்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவர வேண்டியிருந்தது. கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட்டும் சில சமயம் அதேபோல் சின்ன மஞ்சள் மாத்திரையாக இருந்து குழப்பும். எந்தக் கிழமை என்று டாக்டரிடமே கேட்டு, அட்டையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை, ஈரல் பரிசோதனை. மது கூடாது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இது கருவைச் சிதைக்கும் மருந்து.

சலூனில் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கு எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள்பட்ட முடக்குவாதம் கழுத்தின் உச்சியில் உள்ள முதலிரண்டு எலும்புகளின் பிடிப்பைத் தளர்த்திவிடக்கூடும். அந்தக் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் தண்டுவடமே நசுங்கலாம். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து டாக்டரிடம் 'எனக்கு முடக்குவாதம் இருக்கிறது' என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை பற்றியும் ஒரு தவறான நிம்மதி உலவுகிறது. 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஒன்றுமில்லை' என்று லேப் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். முன்பு சொன்ன ஆன்டிபாடிகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுமே ரத்தத்தில் இல்லாமல் மூட்டை அரிக்கும் முடக்குவாதம் உண்டு. பாசிட்டிவாக வந்தும் நோய் இல்லாதவர்களும் உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், மூட்டை அழுத்திப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால், அதையும் 'காய்ச்சல் வலி' என்று விட்டுவிடாதீர்கள்.

மூட்டில் வீக்கம் தெரிந்த ஆறு வாரத்துக்குள் மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கிவிட வேண்டும் என்கிறது ஐரோப்பிய மூட்டுவாத நிபுணர்களின் வழிகாட்டல். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. பணமில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதைப் படித்து முடித்ததும் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் இருந்தால் பதறிப்போய்க் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாள்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.