ஹைப்ரிட் கார் புறப்பட மறுத்தால்: பாட்டரிக் கோளாறுகளை ஆராயும் முறை

பெட்ரோல் எஞ்சின், மின்சார மோட்டார் ஆகிய இரண்டின் ஆற்றலையும் இணைத்து ஓடும் காரை ‘ஹைப்ரிட்’ கார், அதாவது கலப்பு இயக்கக் கார், என வழங்குகின்றனர். இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியியலார் 1900-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வண்டியொன்றை உருவாக்கினார். ஆயினும் டொயோட்டா கம்பெனியார் 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘பிரியஸ்’ காரை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே இவ்வகை வண்டிகள் பெருவழக்காயின. இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் 2008-லும், பிரியஸ் 2010-லும் அறிமுகமாயின. 2022-ல் வெளிவந்த ஹைரைடர், கிராண்ட் விட்டாரா முதலிய வண்டிகளுக்குப் பின் இவை சிற்றூர்ச் சாலைகளிலும் காணப்படுகின்றன.

இத்தகைய கார் ஒருநாள் காலையில் அசைய மறுத்தால், அதை ஓட்டுவோர் இருவகைத் தவறுகளில் ஒன்றைச் செய்துவிடக்கூடும். பெரிய பாட்டரி பழுதாகிவிட்டதென்று ஆராயாமலே முடிவு கட்டிப் பெருந்தொகையைச் செலவிட முனைவது ஒன்று. அப்பாட்டரியைத் தாமே திறந்து பார்க்க முற்படுவது மற்றொன்று. முதலாவது பொருளிழப்பைத் தரும். இரண்டாவது உயிரையே பறிக்கக்கூடும். காரின் அமைப்பைச் சிறிதளவு அறிந்தவர் இவ்விரண்டையும் எளிதில் தவிர்க்கலாம்.

இரண்டு பாட்டரிகள்

ஹைப்ரிட் காரில் இரண்டு பாட்டரிகள் உள்ளன. இரண்டாம் தலைமுறை பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பின் இருக்கைக்கு அப்பால் நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகைப் பெரிய பாட்டரி அமைந்துள்ளது. ஆறு கலங்கள் கொண்ட தொகுதிகள் இருபத்தெட்டு இதில் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே மொத்தக் கலங்கள் 168. ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டு, எனவே முழுப் பாட்டரியின் மின்னழுத்தம் 201.6 வோல்ட்டு. மின்மாற்று அமைப்பு இதனை 500 வோல்ட்டு வரை உயர்த்தி மோட்டாருக்கு அளிக்கிறது.

மற்றொன்று, சாதாரணக் கார்களில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட்டு ஈயப் பாட்டரி. விளக்குகள், கதவுப் பூட்டுகள், கம்ப்யூட்டர்கள் முதலியன இதனாலேயே இயங்குகின்றன. அளவில் சிறியதாயினும், வண்டியை உயிர்ப்பிக்கும் பொறுப்பு இதனுடையதே.

பொத்தானை அழுத்தியதும் நிகழ்வது

சாதாரணக் காரில் 12 வோல்ட்டு பாட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி எஞ்சினை இயக்குகிறது. இதற்கு நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தேவைப்படும். பிரியஸ் வகைக் காரில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. தனி டைனமோவும் இல்லை. பெரிய பாட்டரியிலிருந்து மின்சாரம் பெறும் மோட்டார்-ஜெனரேட்டர் ஒன்றே எஞ்சினைச் சுழற்றுகிறது. (ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் போன்ற சிலவற்றில் தனி ஸ்டார்ட்டரும் துணையாக வைக்கப்பட்டுள்ளது.)

ஆனால் வண்டி நிற்கும்பொழுது பெரிய பாட்டரி மற்ற உறுப்புகளிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கும். இது பாதுகாப்பைக் கருதிய ஏற்பாடு. ஓட்டுநர் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தியதும், 12 வோல்ட்டு பாட்டரி முதலில் கம்ப்யூட்டர்களை விழிக்கச் செய்கிறது. அவை எல்லா உறுப்புகளும் செம்மையாக உள்ளனவா என்று சோதிக்கின்றன. பின்னர் ரிலே எனப்படும் மின்காந்தத் திறப்பான்கள் மூடிக்கொள்கின்றன. பெரிய பாட்டரி இணைகிறது. ‘ரெடி’ என்ற விளக்கு எரிகிறது. அப்பொழுது எஞ்சின் ஓசையின்றி நின்றுகொண்டிருந்தாலும் வண்டி புறப்பட ஆயத்தமாகவே உள்ளது.

ஆகவே சிறிய பாட்டரி வலுவிழந்தால், பெரிய பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் நிறைந்திருந்தாலும் பயனில்லை. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் சாவி தொலைந்துபோனதற்கு இந்நிலையை ஒப்பிடலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு சிறு ரிலேயின் சுருளை ஒரு பாட்டரியுடன் இணைக்க வேண்டும். அதன் தொடுமுனைகள் வழியாக வேறொரு பாட்டரியால் டார்ச் பல்பு ஒன்றை எரியச் செய்ய வேண்டும். சுருளின் பாட்டரியை நீக்கியதும் பல்பு அணைந்துவிடும். பல்பின் பாட்டரி குறைவற்றிருந்தும் விளக்கு எரியாததன் காரணத்தை மாணவர்களே கண்டுரைப்பர்.

சிறிய பாட்டரி வலுவிழப்பது ஏன்?

நிறுத்தி வைத்த வண்டியிலும் சாவியின் சைகையை ஏற்கும் கருவி, திருட்டைத் தடுக்கும் மணி முதலியன சிறிது மின்சாரத்தை ஓயாது எடுத்துக்கொண்டே இருக்கும். இவ்வாறு செல்லும் மின்னோட்டம் 0.03 ஆம்பியர் என்று கொள்வோம். ஒரு நாளில் 0.72 ஆம்பியர்-மணியும், முப்பது நாட்களில் 21.6 ஆம்பியர்-மணியும் செலவாகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதிய பாட்டரியே ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். வெப்பத்தாலும் முதுமையாலும் தளர்ந்த பாட்டரி இதனைத் தாங்காது. குறைந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிப் படிந்து, மீண்டும் மின்னேற்றம் பெறும் ஆற்றலும் குன்றும்.

பிறிதொரு காரணமும் உண்டு. ‘ரெடி’ விளக்கு எரியாத நிலையில் ரேடியோவையோ விளக்குகளையோ பயன்படுத்தினால், அவை சிறிய பாட்டரியை மட்டுமே உறிஞ்சும். ‘ரெடி’ நிலையில் பெரிய பாட்டரியின் மின்சாரம் ஒரு மாற்றியின் வழியாகச் சிறிய பாட்டரிக்கு மின்னேற்றம் அளிக்கும். நெடுநாள் ஓடாத வண்டியை வாரம் ஒருமுறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ‘ரெடி’ நிலையில் வைத்திருப்பது நன்று. காற்றோட்டமுள்ள திறந்த இடத்திலேயே இதனைச் செய்ய வேண்டும். எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதை மறக்கலாகாது.

ஆராயும் முறை

முதலில் எளிய காரணங்களை நீக்கிவிட வேண்டும். கியர், நிறுத்துமிடத்திற்குரிய ‘பி’ நிலையில் உள்ளதா? பிரேக்கை நன்கு மிதித்தபொழுது பின்புறச் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியவில்லையெனில், பிரேக் மிதித்த செய்தியே கம்ப்யூட்டருக்குச் செல்லவில்லை எனக் கருதலாம். சாவியினுள் உள்ள சிறு கலம் தீர்ந்திருந்தால், சாவியைப் பொத்தானின் மீது ஒட்டிப் பிடித்து மறுபடி முயல வேண்டும்.

அடுத்து முகப்புப் பலகையைக் கவனிக்க வேண்டும். விளக்குகள் மங்கியிருத்தல், ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்டல், தொடர்பற்ற பல எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரிதல் ஆகிய மூன்றும் சிறிய பாட்டரியின் தளர்ச்சிக்கு அறிகுறிகள். பல உறுப்புகள் ஒரே நாளில் கெடுவது அரிது. அவற்றிற்கெல்லாம் பொதுவான மின்சாரம் குறைவதே இயல்பு.

இதனை வோல்ட்டுமானியால் உறுதி செய்யலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டினால் நிறைவாக உள்ளது. 12.2 காட்டினால் பாதியளவே உள்ளது. 12-க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வண்டி ‘ரெடி’ நிலைக்கு வந்தபின் இவ்வளவு 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயராவிடில் பாட்டரியை மாற்றிப் பயனில்லை. மின்னேற்றும் மாற்றியையே ஆராய வேண்டும்.

பிற வண்டியிடம் மின்சாரம் பெறுதல்

மற்றொரு 12 வோல்ட்டு காரிலிருந்து மின்சாரம் பெற்று வண்டியை எழுப்பலாம். ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டுவதில்லை. கம்ப்யூட்டர்களும் ரிலேக்களும் விழித்தால் போதும். ஆகவே சிறிய அவசர பாட்டரியும் இதற்குப் பயன்படும். பிரியஸ் காரில் சிறிய பாட்டரி பின்புறத்தில் இருப்பினும், முன் மூடியின் கீழுள்ள ஃபியூஸ் பெட்டியில் இதற்கென நேர்முனை ஒன்று அமைந்துள்ளது. சிவப்புக் கம்பியை முதலில் அந்த நேர்முனையிலும், பிறகு உதவும் பாட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை உதவும் பாட்டரியின் எதிர்முனையிலும், இறுதியாக ஹைப்ரிட் காரின் பூச்சற்ற உலோகப் பகுதியிலும் மாட்ட வேண்டும். சில நிமிடங்கள் பொறுத்துப் பொத்தானை அழுத்தலாம். ‘ரெடி’ விளக்கு எரிந்ததும் கம்பிகளை எதிர் வரிசையில் அகற்ற வேண்டும்.

முனைகளை மாற்றி இணைத்தால் விலையுயர்ந்த மின்மாற்று அமைப்பே கெடக்கூடும். லாரி, பஸ் பலவற்றின் அமைப்பு 24 வோல்ட்டு ஆகையால் அவற்றின் உதவியை நாடலாகாது. ஜீப்பைத் தள்ளிக் கிளப்பும் பழக்கமும் இங்குப் பயன் தராது. முன் சக்கரங்களால் இயங்கும் இவ்வகை வண்டிகளை இழுத்துச் செல்லும்பொழுது அச்சக்கரங்களைத் தூக்கி வைத்தே இழுக்க வேண்டும். அவை தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கிக் கேடு விளைவிக்கும்.

பாட்டரியைப் புதுப்பிக்கும்பொழுது, அது பயணிகள் பகுதியை அடுத்து இருப்பின், வாயுவை வெளியே செலுத்தும் குழாயுடன் கூடிய உரிய வகையையே வாங்க வேண்டும். மின்னேற்றத்தின்போது எழும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது.

பெரிய பாட்டரியின் கோளாறுகள்

சிறிய பாட்டரி செம்மையாக இருந்தும் எச்சரிக்கை நீங்காவிடில் பெரிய பாட்டரியைக் கருத வேண்டும். மின்னளவைக் காட்டும் கோடு திடீரென ஏறி இறங்குதல், எஞ்சின் அடிக்கடி இயங்குதல், பின்புற விசிறி பேரோசையுடன் சுழலுதல், லிட்டருக்கு ஓடும் தூரம் குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். பழுதறியும் கருவியில் ‘பி0ஏ80’ என்ற குறி தோன்றினால் பாட்டரியின் தளர்ச்சியையும், ‘பி0ஏஏ6’ என்ற குறி தோன்றினால் மின்காப்புக் குறைவையும் உணர்த்தும்.

முதற்குறியைக் கண்டவுடன் பாட்டரி முழுவதையும் கழித்துவிட வேண்டுவதில்லை. பிரியஸில் இரண்டிரண்டு தொகுதிகளாக 14 இணைகளின் மின்னழுத்தம் தனித்தனியே அளக்கப்படுகிறது. ஒவ்வோர் இணையும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்து நின்றால், அதில் ஒரு கலம் செயலிழந்திருக்கலாம். சில வேளைகளில் கலங்கள் நன்றாயிருந்தும், அவற்றை இணைக்கும் செப்புப் பட்டைகளில் களிம்பு ஏறி அளவைப் பிறழச் செய்யும். பயிற்சி பெற்றோர் பட்டைகளைத் துலக்கினாலே குறை தீர்வதுண்டு.

பெரிய பாட்டரியின் பெரும்பகை வெப்பம். பின் இருக்கையின் அருகே உள்ள துளை வழியாகக் காற்றை ஈர்த்து ஒரு விசிறி அதனைக் குளிர்விக்கிறது. புழுதி, பஞ்சு, மயிர் முதலியன அத்துளையை அடைத்தாலும், மூட்டைகளை அதன்மேல் சாய்த்தாலும் பாட்டரி வெம்பும். மண் சாலைகளில் செல்லும் கள அலுவலர் மாதம் ஒருமுறை அத்துளையைத் துடைப்பது மிகச் சிறந்த பாதுகாப்பு.

மேலும், டொயோட்டா அமைப்பில் ‘என்’ நிலையில் எஞ்சின் இயங்கினாலும் பெரிய பாட்டரிக்கு மின்னேற்றம் நிகழாது. நெடுநேரம் நிற்க நேர்ந்தால் ‘பி’ நிலையே தக்கது. பெட்ரோல் தீர்ந்தபின் மின்சாரத்தால் மட்டும் வண்டியை ஓட்ட முயலுதலும் தவறு. பெரிய பாட்டரி முற்றிலும் வறண்டால், அதற்கெனச் செய்யப்பட்ட தனிக் கருவியால்தான் மின்னேற்ற இயலும்.

தொடக்கூடாதவை

ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் யாவும் உயர் மின்னழுத்தம் உடையவை. சிறிய பாட்டரியைக் கழற்றினால் ரிலேக்கள் திறந்துகொள்ளும் என்பது உண்மை. ஆயினும் பெரிய பாட்டரியினுள் 200 வோல்ட்டு அப்படியே நிற்கும். பணியாளர்கள் முதலில் அதன் துண்டிப்புச் செருகியை நீக்கி, மின்தேக்கிகள் வெறுமையாவதற்குப் பத்து நிமிடம் பொறுத்து, 1,000 வோல்ட்டுக்குத் தகுதி பெற்ற ரப்பர்க் கையுறை அணிந்தே வேலையைத் தொடங்குவர். பயிற்சியும் இக்கருவிகளும் இல்லாதோர் பெரிய பாட்டரியின் மூடியைத் திறக்கவே கூடாது. விபத்துக்குள்ளான வண்டியின் அருகே செல்வோரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

சுருங்கக் கூறின், சாவி, பிரேக், கியர் ஆகியவற்றை முதலிலும், 12 வோல்ட்டு பாட்டரியை அடுத்தும், அதன் மின்னேற்றத்தை மூன்றாவதாகவும் சோதிக்க வேண்டும். இவை மூன்றும் ஒரு வோல்ட்டுமானி கொண்டு எவரும் செய்யத்தக்கவை. இவற்றில் குறை காணப்படாதபொழுது மட்டுமே பெரிய பாட்டரியை ஐயுற்று, அதனைத் தகுதி பெற்றோரிடம் ஒப்புவிப்பது முறை.