காற்று குறைந்தாலும் எழும் பலகை

பாய்மரப் பலகைச் சறுக்கு 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. 2024 பாரிஸ் போட்டியில் பலகைகள் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து சென்றன. பலகையின் அடியில், நீருக்குள் இருக்கும் சிறு இறக்கைதான் அதைத் தூக்குகிறது.

வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும்; பாதியானால் கால்பங்காகும். அதனால் மெல்லிய காற்றில் பலகை எழுவது கடினம். அப்போது அடியில் பொருத்திய சிறு மின்மோட்டார் தேவையான வேகத்தைத் தருகிறது. பலகை எழுந்ததும் நீரின் தடை வெகுவாகக் குறையும். மோட்டாரை நிறுத்தினாலும் பெரும்பாலும் காற்றே போதும்.

இதை உணர்த்த உத்திரமேரூர் மாணவர்களுக்குக் கடல் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி போதும். அளவுகோலை நீருக்குள் கிடையாகப் பிடித்து, முன்விளிம்பைச் சற்று உயர்த்தி, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இழுக்கச் சொல்லுங்கள். வேறுபாட்டைக் கை உணரும். பிறகு கேளுங்கள்: எழும்போது தேவைப்பட்ட மோட்டார், எழுந்தபின் ஏன் தேவையில்லை?