ஹைட்ரஜன் ஏன் ஜோடியாகவே இருக்கிறது?

வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான் நிறைய வேண்டும் என்பதற்காக அணுக்கள் சேர்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். சமன்பாடு எழுத அந்த விதி உதவும். ஆனால் அது காரணம் ஆகாது. அணுவுக்கு ஆசை கிடையாது, எண்ணவும் தெரியாது. சேர்ந்திருக்கும்போது மொத்த ஆற்றல் குறைகிறது, அதனால்தான் சேர்கின்றன.

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்வோம். அதன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான். இன்னொரு ஹைட்ரஜன் அணு பக்கத்தில் வந்ததும், ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு அணுக்கருக்களும் இழுக்கத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் எலக்ட்ரான்கள் அதிகம் தங்குகின்றன, ஆற்றல் இறங்குகிறது. இன்னும் நெருங்கினாலோ அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமமாகும் தூரம் 74 பிகோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 74 பங்கு! இந்தப் பிணைப்பை குவாண்டம் இயற்பியலைக் கொண்டு 1927-இல் முதன்முதலாக விளக்கிக் காட்டியவர்கள் ஹைட்லர், லண்டன் என்ற இரு இயற்பியலாளர்கள்.

அப்படியானால் ஹீலியம் ஏன் சேர்வதில்லை? இரண்டு ஹீலியம் அணுக்கள் நெருங்கினால் எலக்ட்ரான்கள் நான்கு. ஆற்றல் குறைந்த அந்த நிலையில் இரண்டுக்குத்தான் இடம் உண்டு என்கிறது பவுலியின் விதி. மற்ற இரண்டும் ஆற்றல் கூடிய நிலைக்குப் போயாக வேண்டும். கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது. ஆகவே ஹீலியம் பலூனுக்குள் இருப்பவை எல்லாம் தனித்தனி அணுக்கள்தான்.

பிணைப்பின் வலிமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். 2 கிராம் ஹைட்ரஜன் வாயுவை முழுக்கத் தனி அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல் வேண்டும். அந்த ஆற்றலைக் கொண்டு ஒரு லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. சமையல் எரிவாயு எரியும்போது பழைய பிணைப்புகளை உடைக்க ஆற்றல் செலவாகிறது. தொடங்கிவைக்கத் தீக்குச்சி வேண்டியிருப்பது அதனால்தான். பிறகு கார்பன் டை ஆக்சைடிலும் நீராவியிலும் புதிய, வலுவான பிணைப்புகள் உருவாகின்றன. அப்போது வரும் ஆற்றல் செலவைவிட அதிகம். அந்த மிச்சம்தான் அடுப்பின் சூடு.

உடைக்கச் செலவு, சேர வரவு. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் வேதியியலில் பாதி புரிந்த மாதிரி.