வெளிநாடு செல்லும் வணிகர்களுக்கு: கைபேசியில் இணைய வசதி பெறுவது எப்படி?

நம் வணிகர்களில் பலர் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது வெளிநாடு சென்று வருகிறார்கள். பேரீச்சை, உலர் பழங்களுக்காகத் துபாய் செல்வோர் உண்டு. ஏலம், கிராம்பு, பட்டை போன்ற சரக்குகளின் நிலவரம் பார்க்கக் கொழும்பு செல்வோர் உண்டு. பிளாஸ்டிக், பாத்திரம், ஃபேன்சி சாமான்கள் வாங்கச் சீனாவின் குவாங்சோவுக்கும் யிவுவுக்கும் செல்வோர் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள உறவினர் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவோரும் அவ்வப்போது போய் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் வெளிநாடு சென்றவர் இரவில் ஒருமுறை தொலைபேசியில் பேசினால் போதும் என்று இருந்தது. இன்று அப்படி அல்ல. மாதிரிச் சரக்கின் படம், விலைப்பட்டியல், கடையில் இருந்து வரும் கேள்வி, வங்கியின் ஓடிபி எல்லாமே கைபேசி வழியாகத்தான் வருகின்றன. இணையம் இல்லாவிட்டால் கொள்முதல் நின்றுவிடும். இணையத்தைத் தவறான வழியில் பயன்படுத்தினாலோ, சரக்கில் கிடைக்கும் லாபம் கைபேசிக் கட்டணத்திலேயே போய்விடும். ஆகவே இதைப் புறப்படும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பில் ஏன் ஏறுகிறது?

நம் ஊர் சிம்முடன் வெளிநாட்டில் இறங்கினால், கைபேசி அங்குள்ள ஒரு நிறுவனத்தின் கோபுரத்துடன் இணைந்துகொள்ளும். இதற்கு ரோமிங் என்று பெயர். அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் கட்டணம் வசூலிக்கும். நம் நிறுவனம் நம்மிடம் வசூலிக்கும். பேக் எதுவும் போடாமல் இருந்தால் எம்பி கணக்கில் கட்டணம் விழும். உதாரணத்துக்கு ஒரு எம்பிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 200 எம்பி செலவழித்தாலே 10,000 ரூபாய் ஆகிவிடும்.

பிரீபெய்டு இணைப்பில் இருப்புத் தொகை தீர்ந்ததும் இணைப்பு நின்றுவிடும். நஷ்டம் அத்துடன் முடிந்தது. போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருப்பவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். செலவு எவ்வளவு ஆயிற்று என்பது ஊர் திரும்பிய பிறகு பில்லில்தான் முழுமையாகத் தெரியவரும்.

நாம் கைபேசியைத் தொடாமல் இருந்தாலும் இணையம் செலவாகும் என்பதை மறக்க வேண்டாம். செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். எடுத்த படங்கள் தாமாகவே கூகுள் கணக்கில் ஏறும். வாட்ஸ்ஆப் குழுக்களில் வரும் வீடியோக்கள் தாமாகவே இறங்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, நம் நிறுவனத்தின் ரோமிங் பேக். ஊரிலேயே பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். எண் மாறாது, புதிய சிம் தேவையில்லை. இறங்கியதும் வேலை செய்யும். இரண்டு, மூன்று நாள் பயணத்துக்கு இதுவே வசதி. ஆனால் நாட்கள் கூடக் கூடச் செலவும் கூடும். பேக் போடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். போகும் நாடு அந்தப் பேக்கில் உண்டா? ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடியும் நாளா? அளவு தீர்ந்தால் வேகம் குறையுமா, தனிக் கட்டணம் விழுமா?

இரண்டாம் வழி, போய் இறங்கும் நாட்டில் உள்ளூர் பிரீபெய்டு சிம் வாங்குவது. ஒரு வாரம், பத்து நாள் தங்குவோருக்குப் பெரும்பாலும் இதுவே சிக்கனம். விமான நிலையத்திலேயே கவுண்டர்கள் இருக்கும். ஊருக்குள் உள்ள கடைகளில் சாதாரண பேக்குகள் சில சமயம் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பாஸ்போர்ட் அவசியம். விற்பவரே சிம்மைப் போட்டு, இணையம் வருகிறதா என்று காட்டித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகே கவுண்டரை விட்டு நகர வேண்டும்.

மூன்றாம் வழி, இ-சிம். இதில் கையில் பிடிக்கும் அட்டை கிடையாது. இணையத்தில் பணம் கட்டினால் ஒரு க்யூஆர் கோடு வரும். அதைக் கைபேசியில் பதிந்துகொண்டால் புதிய இணைப்பு தயார். ஊரிலேயே, கடை வைஃபையில் இருந்தபடியே பதிந்துகொள்ளலாம். எல்லாக் கைபேசியிலும் இது இயங்காது. ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் விலை கூடிய மாடல்கள் பலவற்றில் உண்டு. கைபேசியின் செட்டிங்சில் சிம் பகுதியில் இ-சிம் சேர்க்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இ-சிம் பேக்குகள் பலவற்றில் இணையம் மட்டுமே உண்டு. பேசுவதற்கு எண் கிடைக்காது. ஒருமுறை பதிந்த கோடு பெரும்பாலும் மறுமுறை பதியாது. ஆகவே ஊர் திரும்பும்வரை அதை அழிக்க வேண்டாம்.

எவ்வளவு ஜிபி தேவை?

சரக்கு எடுப்பதுபோல இதிலும் தேவைக்கு மேல் எடுத்தால் நஷ்டம்தான். வாட்ஸ்ஆப்பில் பேசுவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி செலவாகும். முகம் பார்த்துப் பேசினால் ஏறத்தாழ 5 எம்பி. ஒரு நாளில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 30 எம்பி, பத்து நிமிட வீடியோ அழைப்புக்கு 50 எம்பி, நூறு மாதிரிப் படங்கள் அனுப்ப 20 எம்பி, வழி பார்க்கும் வரைபடத்துக்கு 20 எம்பி என்று வைத்தாலும் மொத்தம் 120 எம்பிதான். ஐந்து நாளுக்கு 600 எம்பி. அதை இரண்டு மடங்காக்கிக் கையிருப்பு வைத்துக்கொண்டாலும் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். 50 ஜிபி, 100 ஜிபி என்று விளம்பரம் செய்யும் பேக்குகள் வியாபாரப் பயணத்துக்குத் தேவையில்லை. இரவில் சினிமா பார்ப்பதாக இருந்தால் விடுதியின் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று, நான்கு பேர் சேர்ந்து செல்லும்போது ஒருவர் மட்டும் பெரிய பேக் வாங்கி, ஹாட்ஸ்பாட் மூலம் மற்றவர்களுக்குத் தருவது ஒரு சிக்கனம். ஆனால் சந்தையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவதாக இருந்தால் இது உதவாது.

எது லாபம்?

விலைகள் அடிக்கடி மாறுவதால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறோம். ரோமிங் பேக் ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாளைக்கு 4,000 ரூபாய். உள்ளூர் சிம் பத்து நாளைக்கு 1,000 ரூபாய் என்றால் மிச்சம் 3,000 ரூபாய். அதுவே இரண்டு நாள் பயணம் என்றால் இரண்டும் ஒரே விலைதான். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்பதால் ரோமிங்கே மேல். இப்படி நாட்களை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

சீனா: நம் வணிகர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். குவாங்சோவில் 1957 முதல் நடந்துவரும் கான்டன் கண்காட்சிக்கு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் உலக வணிகர்கள் கூடுகிறார்கள். அங்கே உள்ளூர் சிம் வாங்கினால் வாட்ஸ்ஆப், கூகுள், ஜிமெயில், யூடியூப் எதுவும் திறக்காது. விடுதியின் வைஃபையிலும் பொதுவாக இதே நிலைதான். அந்நாட்டு அரசு அவற்றைத் தடுத்து வைத்துள்ளது. ஆனால் நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுச் சென்றால் வாட்ஸ்ஆப் வேலை செய்யும். ரோமிங்கில் செல்லும் இணையத் தகவல் பொதுவாக நம் நிறுவனத்தின் வழியாகவே போய் வருவதுதான் காரணம். ஹாங்காங் நிறுவனங்களின் சிம்மிலும், வெளியில் இருந்து வாங்கும் பயண இ-சிம் பலவற்றிலும் இதே வசதி உண்டு. வாங்கும் முன் வாட்ஸ்ஆப் வருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சீன வியாபாரிகள் பேசுவதும் விலை அனுப்புவதும் வீசாட்டில்தான். அதை ஊரிலேயே பதிந்து சோதித்துக்கொண்டு செல்வது நல்லது.

துபாய்: எதிசலாத், டு ஆகிய நிறுவனங்களின் சிம் கிடைக்கும். அங்குள்ள சிம்மில் வாட்ஸ்ஆப் செய்தி, படம், குரல் பதிவு எல்லாம் வரும். ஆனால் வாட்ஸ்ஆப் அழைப்பு மட்டும் வராது. இதை அறியாமல் கைபேசி பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. கடைக்கணக்கு கேட்பதற்குக் குரல் பதிவே போதும். கல்ஃபுட் போன்ற கண்காட்சிகளுக்குச் செல்வோர் இதை வீட்டாரிடமும் கடைச் சிப்பந்திகளிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா: சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்றவையும், மலேசியாவில் செல்காம்டிஜி, மேக்சிஸ், யு மொபைல் போன்றவையும் உள்ளன. ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்டு சிம்களுக்கு மேல் வைத்திருக்கச் சிங்கப்பூரில் அனுமதி இல்லை. இரண்டு நாட்டுக்கும் செல்வதாக இருந்தால் இரண்டிலும் செல்லும் பேக் கேட்டு வாங்குங்கள். ஜொகூர் பாருவுக்கு எதிரே உள்ள உட்லண்ட்ஸ் பகுதியில் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு என்பதால் எல்லையில் கவனம் தேவை.

இலங்கை: கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே டயலாக், மொபிடெல் சிம் கிடைக்கும். அங்கிருந்த ஏர்டெல் 2024-ல் டயலாக்குடன் இணைந்துவிட்டது. ஆகவே நம் ஊர் ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் அங்கேயும் ஏர்டெல்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

ஓடிபியும் யுபிஐயும்

புதிய சிம் போட்டவுடன் பழைய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது பெரிய தொல்லையில் முடியும். வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ செயலிகளும் வங்கியில் பதிவான சிம் அதே கைபேசியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. சப்ளையருக்கு முன்பணம் அனுப்பும் நேரத்தில் ஓடிபி வராவிட்டால் பேசி முடித்த விலை கைநழுவிப் போகலாம்.

ஆகவே நம் சிம் ஒரு இடத்திலும், வெளிநாட்டு சிம் அல்லது இ-சிம் மற்றொரு இடத்திலும் இருக்கட்டும். நம் சிம்மில் ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும். ஆனால் அதன் இணையம் மட்டும் மூடியிருக்க வேண்டும். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. பிரீபெய்டு சிம்முக்கு ஊர் திரும்பும் நாள்வரை வேலிடிட்டி இருக்கும்படி ரீசார்ஜ் செய்துவிட்டுப் புறப்பட வேண்டும். வாட்ஸ்ஆப் பழைய எண்ணிலேயே தொடரட்டும். புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டாம்.

யுபிஐ மூலம் பணம் செலுத்தும் வசதி சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் சில கடைகளில் உண்டு. இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதற்குச் செயலியில் வெளிநாட்டு வசதியைத் தனியாகத் திறந்து வைக்க வேண்டும். இதை மட்டுமே நம்பிச் செல்லாமல் கையில் கார்டும் ரொக்கமும் வைத்திருப்பது நல்லது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. கைபேசி எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாததா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொடுத்தனுப்பிய கைபேசிகள் சில அந்த ஊர் நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்.

2. சிம் தட்டில் இரண்டு சிம்முக்கு இடம் உண்டா, இரண்டாம் இடத்தில் மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். சிம் தட்டைத் திறக்கும் ஊசியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. செட்டிங்சில் நம் ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மூடுங்கள். பயண இ-சிம்முக்கு மட்டும் அதைத் திறந்து வையுங்கள். அந்த இ-சிம் பெரும்பாலும் வேறு நாட்டு நிறுவனத்துடையது. ரோமிங் முறையில்தான் இயங்கும். இரண்டையும் மூடிவிட்டு, பணம் கட்டியும் இணையம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு.

4. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாகவே மற்ற சிம்மின் இணையத்துக்கு மாறும் வசதி கைபேசிகளில் இருக்கிறது. அதை மூடி வையுங்கள்.

5. வாட்ஸ்ஆப்பில் படங்களும் வீடியோக்களும் ரோமிங்கில் தாமாக இறங்காதபடி மாற்றுங்கள். செயலிகளைப் புதுப்பிப்பதும் படங்களைச் சேமிப்பதும் வைஃபையில் மட்டும் நடக்கட்டும்.

6. செல்லும் ஊரின் வரைபடம், விடுதி முகவரி, சப்ளையர் எண்கள் ஆகியவற்றைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளிலும் எழுதிப் பையில் வையுங்கள்.

7. விமானத்தில் ஏறியதும் ஃபிளைட் மோடு போடுங்கள். சில விமானங்களிலும் கப்பல்களிலும் தனிக் கைபேசிச் சேவை உண்டு. சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

எச்சரிக்கை

தெருவில் விற்கும், வேறொருவர் பெயரில் பதிவான சிம்மை விலை மலிவு என்று வாங்க வேண்டாம். நம் பாஸ்போர்ட்டைக் காட்டி மற்றவருக்கு சிம் வாங்கித் தரவும் வேண்டாம். நம் பெயரில் உள்ள சிம்மை யாரேனும் மோசடிக்குப் பயன்படுத்தினால் விசாரணை முதலில் நம்மைத் தேடித்தான் வரும். ஊர் திரும்பும்போது சிம்மைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வராமல், உடைத்துப் போடுவதே பாதுகாப்பு. விமான நிலையத்திலும் சந்தையிலும் கிடைக்கும் இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது நலம்.

பாஸ்போர்ட், விசா, பயணச் சீட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கும்போதே இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். சரக்கில் ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க மணிக்கணக்கில் பேரம் பேசும் நாம், கைபேசிக் கட்டணத்தில் ஆயிரக்கணக்கில் இழக்க வேண்டியதில்லை. வெளிநாடு செல்லும் உறுப்பினர்கள் இவற்றைக் கவனத்தில் கொண்டு பயன்பெறுவீர்களாக!