சராசரி கேட்டால் என்ஏ வருகிறதே, ஏன்?

ஆர் மொழியைக் கணினியில் நிறுவினால் கூடவே ஒரு சிறிய தரவு அட்டவணையும் வந்து சேரும். பெயர் ஏர்குவாலிட்டி. 1973ஆம் ஆண்டு மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நியூயார்க் நகரத்தின் காற்று எப்படி இருந்தது என்ற கணக்கு அது. மொத்தம் 153 நாள், நாளுக்கு ஒரு வரிசை. ஓசோன் அளவை ரூஸ்வெல்ட் தீவில் எடுத்தார்கள். சூரியக் கதிர்வீச்சை சென்ட்ரல் பார்க்கில் எடுத்தார்கள். காற்றின் வேகமும் வெப்பநிலையும் லகார்டியா விமான நிலையத்தில் பதிவானவை. புள்ளியியல் நிரல் எழுதப் பழகுகிறவர்களில் பலரும் இந்த அட்டவணையில்தான் முதலில் கை வைப்பார்கள். கை வைத்ததும் தடுக்கியும் நிற்பார்கள். ஓசோனின் சராசரி என்ன என்று கேட்டால் எண் வருவதில்லை. என்ஏ என்று இரண்டு எழுத்து வந்து நிற்கும்.

இது அவசரப்படாமல் பார்க்க வேண்டிய விஷயம்.

153 நாளில் 37 நாளுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை. அந்த 37 இடத்திலும் ஆர் மொழி என்ஏ என்று போட்டு வைத்திருக்கிறது. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவி கணக்குத் தேர்வில் சைபர் வாங்குவது வேறு, அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்ததால் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று விழுவது வேறு. ஆப்சென்ட் ஆனவளுக்கும் ஒரு திறமை உண்டு. தேர்வு எழுதியிருந்தால் ஏதோ ஒரு மதிப்பெண் வந்திருக்கும். அது என்னவென்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்ஏ சொல்வதும் இதையேதான்: இங்கே ஒரு மதிப்பு இருக்கிறது, அது என் கையில் இல்லை.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் என்ஏவின் மற்ற நடத்தை எல்லாம் தானாக விளங்கும். தெரியாத ஒன்றோடு 5ஐக் கூட்டினால் என்ன வரும்? தெரியாது, ஆகவே என்ஏ. தெரியாத ஒன்று 50ஐ விடப் பெரியதா? தெரியாது. என்ஏவும் என்ஏவும் சமமா என்று கேட்டால் அதற்கும் என்ஏதான் பதில். ஆப்சென்ட் ஆன இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கியிருப்பார்களா என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் விடுபட்டதைத் தேட சமக்குறி உதவாது, இஸ்.என்ஏ என்ற தனிச் செயற்கூற்றைக் கூப்பிட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. என்ஏவை 0 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ஆர் மொழி 1 என்று சொல்லும். எந்த எண்ணாக இருந்தாலும் விடை அதுதான் என்பதால், தெரியாமல் போனாலும் பரவாயில்லை. ஆனால் என்ஏவை 0ஆல் பெருக்கினால் 0 வராது, என்ஏவே வரும். அந்தத் தெரியாத மதிப்பு முடிவிலியாக இருந்துவிட்டால் பெருக்கல் 0 ஆகாதே! இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே சராசரி கேட்டபோது என்ஏ வந்தது பிழையில்லை. 37 நாள் தெரியாமல் 153 நாளின் சராசரியை எப்படிச் சொல்வது என்று நிரல் நம்மைத் திருப்பிக் கேட்கிறது. ஆனால் பெரும்பாலானோர் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. என்ஏ.ஆர்எம் என்ற ஒரு வார்த்தையை உள்ளே சேர்த்து அதற்கு ட்ரூ என்று கொடுத்தால் என்ஏக்கள் ஒதுங்கிக்கொள்ளும், 42.1 என்று எண் வந்துவிடும். கை அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுகிறோம்.

எழுதுவதற்கு முன்னால் அந்த 37 நாள் எங்கே இருக்கின்றன என்று மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். மே, ஜூலை, ஆகஸ்டில் தலா 5. செப்டம்பரில் 1. மீதி 21 நாளும் ஜூனில்! 30 நாள் கொண்ட மாதத்தில் அளவெடுத்தது 9 நாள் மட்டும். ஜூலை, ஆகஸ்டில் சராசரி 60ஐத் தொடுகிறது. ஜூனில் கிடைத்த 9 நாளின் சராசரி 29தான். ஓசோன் குறைவாக இருந்த மாதம் கணக்கில் சரியாக இடம்பெறாமல் போனதால் மொத்தச் சராசரி கொஞ்சம் மேலே போயிருக்கிறது. ஐந்து மாதங்களுக்கும் சமமான எடை கொடுத்துப் பார்த்தால் 40.7 வருகிறது. வித்தியாசம் இங்கே சிறியது. ஆனால் ஜூன் மாதத்து நியூயார்க் காற்றைப் பற்றி எதைச் சொன்னாலும் அது 9 நாளின் மேல் நிற்கிறது என்பதை 42.1 என்ற எண் நமக்குச் சொல்லவே இல்லை.

பல மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இழப்பு இன்னும் கூடும். ஓசோனைக் கதிர்வீச்சு, காற்று, வெப்பநிலை மூன்றையும் வைத்து விளக்கும் ஒரு நேர்கோட்டு மாதிரி போட்டால், எதிலாவது ஒரு குறை இருக்கும் வரிசை முழுதாக வெளியே போகும். கதிர்வீச்சில் 7 நாள் இல்லை. அதில் 2 நாள் ஓசோனும் இல்லாத நாள். ஆக 42 வரிசை கழிந்து 111தான் மிஞ்சும். இதை ஆர் மொழி மறைப்பதில்லை, சுருக்க அறிக்கையின் அடியில் ஒரு வரியில் எழுதுகிறது. அந்த வரியைப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

சரி, காலி இடத்தைச் சராசரியால் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள். 37 இடத்திலும் 42.1 என்று எழுதினால் சராசரி மாறாது. ஆனால் 33.0 ஆக இருந்த திட்டவிலக்கம் 28.7 ஆக இறங்கிவிடும். அளக்கவே அளக்காத நாள்களை வைத்துக்கொண்டு நமக்கு நிச்சயம் கூடிவிட்டது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. 29ல் இருந்த ஜூன் மாதச் சராசரியோ 38க்கு ஏறிவிடும். இது தரவில் இல்லாததைத் தரவின் பெயரால் சொல்வது. சராசரியால் நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு சொல்வேன்.

எப்படி நிரப்புவது என்பதை விட, ஏன் விடுபட்டது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டொனால்ட் ரூபின் 1976ல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்விக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்த பிரிவினை இப்படி: கருவி எதேச்சையாகப் பழுதாகி ஒரு நாள் விடுபட்டால், இருப்பதை வைத்துக் கணக்குப் போடுவதில் சாய்வு வராது. விடுபடுதல் நம் கையில் இருக்கும் வேறொரு தகவலைச் சார்ந்திருந்தால், அந்தத் தகவலைக் கொண்டே சரிசெய்யலாம். விடுபட்டதற்கு அந்த மதிப்பே காரணமாக இருந்தால்தான் சிக்கல். வருமானம் அதிகமுள்ளவர்களே வருமானத்தைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால், சொன்னவர்களின் சராசரியை எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் உண்மை வராது.

நியூயார்க் அட்டவணையில் காரணம் எழுதிய நெடுவரிசை எதுவும் இல்லை. ஆனால் வெப்பநிலை 153 நாளுக்கும் முழுதாக இருக்கிறது. வெயில் ஏறினால் ஓசோனும் ஏறுகிறது, ஒட்டுறவு கிட்டத்தட்ட 0.7. எனவே வெப்பநிலையையும் காற்றையும் பார்த்து ஒவ்வொரு காலி நாளுக்கும் பொருத்தமான மதிப்பை ஊகிக்கலாம். ஒரே முறை ஊகித்தால் அதையே உண்மை என்று நம்பிவிடுவோம் என்பதால், பல முறை ஊகித்துப் பல முழு அட்டவணைகளை உண்டாக்கி, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் விடையில் சேர்த்துக்கொள்ளும் முறையை ரூபின் முன்வைத்தார். ஆர் மொழியில் இதற்கு நெதர்லாந்தின் ஸ்டெஃப் வான் பியூரனும் கூட்டாளிகளும் எழுதிய மைஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் 5 அட்டவணைகள் செய்து தரும்.

இனி நேன், இன்ஃப் என்ற இன்னும் இரண்டு பேர். இவை ஆர் மொழிக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. கணினிகள் தசம எண்களைக் கையாள 1985ல் ஐஇஇஇ 754 என்ற பொது விதி வந்தது. அதன் முதன்மைச் சிற்பி வில்லியம் கஹான், 1989ல் டூரிங் விருது பெற்றவர். அந்த விதிப்படி 1ஐ 0ஆல் வகுத்தால் கணினி நின்றுவிடாது, முடிவிலி என்று பதில் தரும். அதுதான் இன்ஃப். 0ஐ 0ஆல் வகுத்தால் அர்த்தமுள்ள விடையே கிடையாது. அதற்கு நேன். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தாலும் நேன்தான். இயந்திரத்துக்கு உள்ளே பார்த்தால் ஆர் மொழியின் தசம என்ஏவும் ஒரு வகை நேன்தான், உள்ளே 1954 என்ற எண்ணை அடையாளமாகச் சுமக்கும் நேன். அதனாலோ என்னவோ இஸ்.என்ஏ என்று கேட்டால் நேனுக்கும் ஆம் என்று பதில் வரும். இஸ்.நேன் என்று கேட்டால் என்ஏவுக்கு இல்லை என்று வரும். இந்த ஒருவழிப் பாதையை நினைவில் வையுங்கள்.

ஏன் என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு நகரத்தில் வார்டு வாரியாக டெங்கு எத்தனை சதவீதம் கூடியது என்று கணக்கிடுகிறீர்கள். முதல் வார்டில் போன வருடம் 0, இந்த வருடம் 5 பேர். ஐந்தை 0ஆல் வகுக்க இன்ஃப் வரும். இரண்டாவது வார்டில் போன வருடமும் 0, இந்த வருடமும் 0. நேன் வரும். மூன்றாவது வார்டிலிருந்து போன வருட அறிக்கையே வரவில்லை. அதற்கு என்ஏ. இப்போது சராசரி எடுக்க என்ஏ.ஆர்எம் போடுகிறீர்கள். அது என்ஏவையும் நேனையும் நீக்கும், இன்ஃபைத் தொடாது. சராசரி இன்ஃப் என்று வரும். எரிச்சலில் இஸ்.ஃபைனைட் கொண்டு முடிவுள்ள எண்களை மட்டும் வடிகட்டுகிறீர்கள். மூன்று வார்டும் அட்டவணையை விட்டே போய்விட்டன. நோய் புதிதாக நுழைந்த வார்டு, நோயே இல்லாத வார்டு, தகவல் தராத வார்டு. சுகாதார அதிகாரி முதலில் பார்க்க வேண்டியவை அந்த மூன்றும்தான்! இங்கே திருத்த வேண்டியது மதிப்புகளை அல்ல, அளவுகோலை. சதவீதத்தை விட்டுவிட்டு, எத்தனை பேர் கூடினார்கள் என்றோ ஆயிரம் பேருக்கு எத்தனை என்றோ கணக்கிட்டால் முதல் இரண்டு வார்டும் இயல்பான எண்களோடு திரும்பி வரும். மூன்றாவதுக்குத் தொலைபேசியில்தான் கூப்பிட வேண்டும்.

லாகரிதமும் இப்படித்தான். 0க்கு லாக் எடுத்தால் எதிர்மறை இன்ஃப் வரும், ஒரே ஒரு மதிப்பு சராசரியையே பாதாளத்துக்கு இழுத்துவிடும். நம் ஓசோன் நெடுவரிசையில் மிகச் சிறிய அளவு 1 என்பதால் அந்த ஆபத்து இல்லை. இன்னொரு வகை இன்ஃப் வெறும் கொள்ளளவுப் பிரச்சினை: தசம எண்ணின் உச்சம் சுமார் 1.8 பெருக்கல் 10இன் 308ஆம் அடுக்கு. 1 முதல் 170 வரையான எண்களின் தொடர் பெருக்கம் அதற்குள் அடங்கும், 171 வரை பெருக்கினால் அடங்காது, இன்ஃப் ஆகிவிடும். கணிதத்தில் அது முடிவிலி இல்லை, பாத்திரம் நிரம்பிவிட்டது. லாகரிதமாகவே கணக்கை நடத்தினால் தீரும்.

எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கணக்கிடும்போது நடப்பதையும் பாருங்கள். ஒரு மாதம் முழுக்க மழைமானி வேலை செய்யவில்லை, எல்லா நாளும் என்ஏ. என்ஏ.ஆர்எம் போட்டு மொத்தம் கேட்டால் 0 வரும். மழையே பெய்யவில்லை என்று அறிக்கையில் ஏறிவிடும். சராசரி கேட்டால் நேன். அதிகபட்சம் கேட்டால் எதிர்மறை இன்ஃப், ஓர் எச்சரிக்கையோடு. மூன்றில் மிக ஆபத்தானது அந்த அமைதியான 0தான். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பிலும் இதே 0 வரும், அங்கே கேட்காமலேயே விடுபட்டவை நீக்கப்பட்டுவிடும்.

மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் மாறுகிறது. ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும் விடப் பெரியது. வருமானம் 50,000க்கு மேல் உள்ளவர்களைக் கேட்டால் வருமானம் சொல்லாதவர்களும் பணக்காரர்களோடு வந்து நிற்பார்கள். சாஸில் எல்லாவற்றையும் விடச் சிறியது. அங்கே அவர்கள் ஏழைகளாகிவிடுவார்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் தரும் உலகத் தினசரி வானிலைத் தரவில் விடுபட்ட இடத்தில் -9999 என்று இருக்கும், முதலில் அதை மாற்றாவிட்டால் அதுவும் மழையளவாகக் கூட்டலில் சேரும். எதிர்ப்பக்கமும் உண்டு. நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு என்ஏதான். நாடுகளின் பட்டியலைக் கோப்பிலிருந்து ஆர் மொழியிலோ பாண்டாஸிலோ அப்படியே ஏற்றினால், நமீபியாவின் குறியீடு இருந்த இடம் விடுபட்ட மதிப்பாகிவிடும். எந்த எழுத்தை விடுபட்டதாகக் கொள்வது என்பதை ஏற்றும்போதே நாம் சொல்ல வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். என்ஏ.ஆர்எம் எழுதும் முன், எத்தனை என்ஏ, எத்தனை நேன், எத்தனை இன்ஃப் என்று நெடுவரிசைக்கு நெடுவரிசை எண்ணிவிடுங்கள். அவை எந்த மாதத்தில், எந்த வார்டில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். அறிக்கையில் சராசரிக்குப் பக்கத்திலேயே, அது எத்தனை அளவீடுகளிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். ஜூன் மாதச் சராசரி 29, 30 நாளில் 9 நாள் அளந்தது என்று.