இடாப்பில் இல்லாத பெயர்கள்

முன்னாளிற் சயாம் என வழங்கிய தாய்லாந்து தேசத்தின் மேற்றிசையில், தலைநகராகிய பாங்கொக்கிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவில், காஞ்சனபுரி என்றோர் ஊர் உளது. காஞ்சனம் என்பது பொன். பொன்னகர் என்னும் மங்கலப் பெயர் பூண்ட அவ்வூரை உலகம் அறிந்திருப்பதோ மரணத்தின் வாயிலாகவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவ்வழியே யப்பானியர் அமைப்பித்த புகையிரதப் பாதைக்கு 'மரணப் பாதை' என்பது பெயர். அதில் மாண்ட போர்க்கைதிகளின் சேமக்காலை அவ்வூரிலேயே, புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டவற்றோடு, அங்கே காணக் கிடையாத ஒன்றையும் பற்றி எழுதுதல் என் கடன் எனக் கருதுகின்றேன்.

வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனை அடுத்துப் பர்மாவும் யப்பானியர் கைப்பட்டது. பர்மாவில் நின்ற தம் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்புதற்குக் கடல்வழி அவர்களுக்குப் பாதுகாப்பாயில்லை. ஆதலின் மலையையும் காட்டையும் ஊடறுத்துச் சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீற்றர் நீளமான பாதையொன்றை இடத் துணிந்தனர். 1942 இல் இரு முனைகளிலும் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபர் 17 ஆம் நாள் நடுக்காட்டில் ஒன்றுகூடியது. பொறிகள் செய்ய வேண்டியதை மனிதர் கைகள் செய்தன. பிரித்தானியர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர், அமெரிக்கர் ஆகிய போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு உழைத்தனர். அவர்களினும் மிகப் பலர் மலாயா, யாவா, பர்மா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர். மலாயாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலார் றப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர். பசியும் மலேரியாவும் வயிற்றோட்டமும் வாந்திபேதியும் அடியும் உதையும் அவர்களைத் தின்றன. கைதிகளுள் ஏறக்குறைய 13,000 பேரும், தொழிலாளருள் 80,000 தொடக்கம் 100,000 வரையினரும் மாண்டனர் என மதிப்பிடுவர்.

பாங்கொக்கில் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். வாயில் மண்டபத்தைக் கடந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் கத்தரித்த புல்வெளி. அதில் நூல் பிடித்தாற்போன்ற வரிசைகளிற் குறுகிய பீடங்கள்; பீடந்தோறும் ஒரு வெண்கலத் தகடு; இடையிடையே பூஞ்செடிகள். திருகோணமலையில் நிலாவெளிப் பாதையோரத்துப் போர்வீரர் சேமக்காலையைக் கண்டவர்கள் அந்த ஒழுங்கை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். பொதுநலவாய நாடுகளைச் சேர்ந்தோர் 5,000 பேருக்கு மேலும், ஒல்லாந்தர் ஏறக்குறைய 1,900 பேரும் அங்கே துயில்கின்றனர். அமெரிக்கரின் உடல்களை அவர்தம் நாட்டார் மீட்டெடுத்துச் சென்றுவிட்டனர்.

1917 இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழு இத்தகைய இடங்களைப் பேணி வருகின்றது. தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவான நினைவுக்குறி. செல்வனென்றும் வறியனென்றும் வேறுபாடில்லை. ஒவ்வொருவரும் தம் பெயராலே நினைக்கப்படல் வேண்டும் என்பன அதன் கொள்கைகள். தகட்டிலே பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. பலவற்றில், வீட்டார் தாமே தெரிந்து அனுப்பிய வாசகமும் உண்டு. ஆசிரியத் தொழில் செய்பவன் கண்ணில் வயதே முதலிற் படுகின்றது. 21, 23, 22, 26 என்று வாசித்துக்கொண்டு நடந்தேன். உயர்தர வகுப்பை விட்டுச் சென்று சில ஆண்டுகளே ஆன பிள்ளைகளின் வயது அது.

என்னை மிகவும் சிந்திக்கச் செய்தவை இரண்டு. 1943 மே, யூன் மாதங்களில் நீக்கே என்னும் முகாமில் வாந்திபேதி பரவியபோது இறந்தவர்களை எரித்தனர். அவ்வாறு எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பர் இச்சேமக்காலையில் இரண்டு குழிகளில் வைக்கப்பட்டுள்ளது. யாருடைய சாம்பர் எது என்று பிரித்தறிதல் இனி எவர்க்கும் இயலாது. ஆயினும் 300 பேரின் பெயர்களும் மண்டபத்துப் பலகைகளில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. இஃது ஒன்று. பழைய இந்தியப் படையைச் சேர்ந்த 11 பேர் தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கப்பட்டனர். அக்கல்லறைகளைப் பேண முடியாமையால், அவர்களின் பெயர்களை இங்கே வாயில் மண்டபத்திற் பொறித்துள்ளனர். இது மற்றொன்று. உடல் கலந்துபோயினும், வேறிடத்திற் கிடப்பினும், பெயரைக் கைவிடவில்லை.

அவ்வேளையில் என் மாணவர் மெல்லக் கேட்டார்: "எங்கடை ஆக்கள் எங்கை, ஐயா?"

நான் உடனே மறுமொழி கூறவில்லை. இது போர்வீரர்க்குரிய இடம், நம்மவர் கூலிக்குச் சென்றவர், ஆதலின் இங்கே இடமில்லை என்று விதியைக் கூறி அமையலாம். அது பாதி விடையே. மற்றப் பாதி ஓர் இடாப்பிலே இருக்கின்றது.

இங்குள்ளோர் பெயர் பெற்றது எவ்வாறு என்பதை நோக்குக. கைதிகளிடையே அதிகாரிகளும் வைத்தியர்களும் குருமாரும் இருந்தனர். இன்ன நாளில் இன்னார் இறந்தார், இன்ன முகாமில் இன்ன இடத்தில் அடக்கப்பட்டார் என்று கிடைத்த கடதாசித் துண்டுகளில் எழுதி, காவலர் கண்ணிற் படாமல் மறைத்து வைத்தனர். போர் முடிந்ததும், 1945 செப்டெம்பரில், அக்குறிப்புக்களைக் கையிற்கொண்டு ஒரு சிறு குழு பாதை நெடுகச் சென்றது. 144 அடக்க இடங்களில் 10,000 இற்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பின்னர் அவற்றையெல்லாம் தோண்டியெடுத்து, காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவிலுள்ள தன்பியூசயாட் ஆகிய மூன்று சேமக்காலைகளிலே சேர்த்தனர். பட்டினி கிடந்த மனிதர் நடுங்கும் கையால் எழுதிய அந்த இடாப்பின்மீதே இப்புல்வெளி அமைந்திருக்கின்றது.

நம்மவருக்கோ அவ்வாறு எழுதுவார் இல்லை. நல்ல சம்பளம், சில மாத வேலை என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சிலர் போயினர். பிறகு வலிந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர் பலர். மனைவி மக்களோடு போனவரும் உளர். தோட்டத்திலே இருந்த காலத்தில் அவர்களுக்கு இடாப்பு இல்லாமலில்லை. நாடோறும் விடியலிற் பெரட்டுக்கு நிறுத்தி, ஆளெண்ணி, செக்ரோலிற் பெயர் பதிந்தே வேலைக்கு விட்டனர். கூலி கணக்கிடுதற்கு அவர்கள் பெயர் வேண்டியிருந்தது. காட்டில் அவர்கள் செத்தபோது அப்பெயரைக் கேட்பார் எவருமில்லை. போதிய வைத்தியரும் இல்லை. வாந்திபேதி வந்த முகாம்களில் இறந்தோரைக் கூட்டமாகக் குழிகளில் இட்டனர், எரித்தனர்.

எண்ணிக்கையைக் கொண்டே இதன் கொடுமையை உணரலாம். 80,000 அல்லது 100,000 என்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையே 20,000 உயிர்கள். மேற்கூறிய மூன்று சேமக்காலைகளிலும் உள்ளோர் அனைவரையும் கூட்டினும் ஏறக்குறைய 12,500 பேரே. நம் அறியாமையின் அளவு, அங்கே பெயரோடு துயில்வோர் தொகையினும் பெரிதாயிருக்கின்றது.

ஆணைக்குழுவின் சமத்துவக் கொள்கையும் எங்கும் ஒருபடித்தாய் நடந்ததன்று. முதலாம் உலகப் போரில் ஆபிரிக்கா, ஆசியா முதலிய பகுதிகளைச் சேர்ந்த மாண்டோருள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரையில், பெயர் குறிக்கப்படாமலோ நினைவே செய்யப்படாமலோ விடப்பட்டனர் என்பதை அதன் சார்பில் நடந்த ஆராய்ச்சி 2021 இல் வெளிப்படுத்தியது. ஆணைக்குழு அதற்காக மன்னிப்பும் கோரியது.

பெயர் பொறித்தலின் அருமையைத் தமிழனுக்கு மேனாட்டார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. வீழ்ந்தவனுக்குக் கல் தெரிந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே துறை வகுத்துக் கூறும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் உருவம் பெற்றிருக்கின்றது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகின்றது. நாயின் பெயரையும் கல்லில் எழுதிய மரபினர், தம்மவர் பல்லாயிரவரைப் பெயரின்றிக் காட்டிலே விட்டிருக்கின்றனர்.

2023 மே மாதத்தில், காஞ்சனபுரியிலுள்ள பௌத்த விகாரை ஒன்றிலே இத்தமிழர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அங்கும் சென்று வணங்கினோம். எண்பது ஆண்டுகள் கழிந்தேனும் அது நிகழ்ந்தமை மகிழ்தற்குரியது. மலேசியத் தமிழ் எழுத்தாளரும் தம் கடனைச் செய்துள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரத்தை இலக்கியமாக்கின. கல் கூட்டத்தை நினைப்பிக்கும். நாவல் துயரத்தை உணர்த்தும். ஆயினும் இன்ன தோட்டத்து இன்னார் என்று தனித்தனி ஆளைக் காட்டும் வேலை எஞ்சியே நிற்கின்றது.

அவ்வேலையில் நமக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும், தோட்டங்களிற் கிராணிமாராகவும் கடமையாற்றினர். அவர்கள் கொண்டுவந்த பழங் கடிதங்களும் நாட்குறிப்புக்களும் கணக்குப் புத்தகங்களும் இன்றும் சில வீடுகளின் பெட்டிகளிலே கிடத்தல் கூடும். அவற்றை எரிக்குமுன் ஒருமுறை வாசியுங்கள். பாட்டன் பாட்டியர் வாயிலிருந்து கேட்ட பெயர் ஒன்றாயினும், ஊரோடும் தோட்டத்தோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். மாணவர்க்கு இதனினும் சிறந்த வரலாற்றுப் பயிற்சி வேறில்லை.

ஆசிரியர்களாகிய நாம் நாடோறும் இடாப்பு விரிக்கின்றோம். வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் அதில் ஒவ்வொரு வரி உண்டு. ஒருவர் வரவில்லை என்று குறிப்பதற்கும் முதலில் அவர் பெயர் வேண்டும்.