சுடருக்குள் மட்டும் வாழும் நைட்ரஜன்

திருச்சிராப்பள்ளி நகரின் காற்றுத் தரம் அளக்கப்படும் இடங்களுள் காந்தி மார்க்கெட்டும் ஒன்று. தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் வழக்கப்படி, வாரத்தில் இரண்டு நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாதிரியாகக் காற்றை ஒரு காரக் கரைசலின் வழியே இழுத்து, அதில் சிக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடைச் சாயமாக மாற்றி, சாயத்தின் அடர்வைக் கொண்டு அளவைக் கணிக்கிறார்கள். அந்த எண்ணை, 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு கனமீட்டரில் 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40 மைக்ரோகிராம் என்று 2009-இல் வகுக்கப்பட்ட வரம்புகளோடு ஒப்பிட்டுக் காற்று நன்றா தீதா என்று தீர்மானிக்கிறார்கள். ஆனால் அந்த வாயு இரவில் காய்கறி இறக்கிய லாரியின் எஞ்சினில் பிறந்ததா, தேநீர்க் கடை அடுப்பில் பிறந்ததா, எந்த வேதிவழியில் பிறந்தது என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. பிறப்பின் கதை சுடருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இருக்கும் நைட்ரஜன், இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பால் இறுகிய மூலக்கூறு என்பதால், எளிதில் எதனோடும் சேராது. வெப்பநிலை ஏறத்தாழ 1800 கெல்வினைத் தாண்டும்போது ஆக்சிஜன் அணு ஒன்று அப்பிணைப்பை உடைத்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது என்று ரஷ்ய இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் 1940-களில் விளக்கினார். டீசல் எஞ்சின்களுக்குள் பெரும்பாலும் நடப்பது இதுவே. வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடு காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது.

எல்லாச் சுடருக்கும் இந்த விளக்கம் பொருந்தவில்லை. ஹைட்ரோகார்பன் எரியும் சுடரின் முகப்பிலேயே, செல்டோவிச்சின் வழி அனுமதிக்கும் வேகத்தை மிஞ்சி நைட்ரிக் ஆக்சைடு தோன்றுவதையும், ஹைட்ரஜன் சுடரில் அது அவ்வாறு தோன்றாததையும் கண்ட ஃபெனிமோர் என்னும் ஆய்வாளர், எரிபொருளின் உடைந்த துண்டுகளே நைட்ரஜனைத் தாக்குகின்றன என்று 1971-இல் கருத்துரைத்தார். சமையல் எரிவாயு அடுப்பின் உட்கூம்பு நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சி.எச். என்னும் துண்டு, அதாவது ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த, எதனோடாவது உடனே இணையத் துடிக்கும் தனியுறுப்பு, நைட்ரஜனோடு மோதி ஹைட்ரஜன் சயனைடையும் ஒரு நைட்ரஜன் அணுவையும் தரும் என்பது முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் நிலைத்த கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் உறுத்தல் இருந்தது: எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி வினைக்கு முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லை. 2000-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மொஸ்கலேவாவும் லின்னும் குவாண்டம் கணக்கீடு செய்து, உண்மையில் பிறப்பது இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவே ஒரு கார்பன் அமர்ந்த என்.சி.என். என்னும் தனியுறுப்பு என்றார்கள்.

கணக்கு சொன்னால் போதாது, கண்ணால் காண வேண்டும், அதுதான் கடினம். சுடருக்குள் குழாயை நுழைத்து வாயுவை உறிஞ்சினால், தனியுறுப்புகள் குழாயின் சுவரில் மோதியே அழிந்துவிடும். போதாததற்குக் குழாயே சுடரைக் குளிர்வித்துக் கலைத்தும் விடும். எதையும் தொடாமல் உள்ளே செல்லக்கூடியது ஒளி ஒன்றே. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களை மட்டும் விழுங்குவதால், அந்த அலைநீளத்துக்கு இசைத்த லேசரைச் சில நானோ நொடிகள் பாய்ச்சினால், தேடும் மூலக்கூறு கிளர்ச்சியுற்று, உடனே தன் பங்குக்கு ஒளியை உமிழும். லேசர் தூண்டல் ஒளிர்வு எனப்படும் இம்முறையில் நைட்ரிக் ஆக்சைடுக்கு 226 நானோமீட்டர், என்.எச். என்னும் துண்டுக்கு 336, என்.சி.என்.னுக்கு 329 என அலைநீளம் மாறுகிறது. 2003-இல் கிரெகரி ஸ்மித் இதே வழியில் சுடருக்குள் என்.சி.என். இருப்பதைக் காட்டினார்.

ஒளிர்வு இருப்பிடத்தைச் சொல்லுமேயன்றி எண்ணிக்கையை நேராகச் சொல்லாது. கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகளுள் பெரும்பாலானவை ஒளியை உமிழுமுன் அண்டை மூலக்கூறுகளோடு மோதி ஆற்றலை இழந்துவிடுகின்றன. ஆகவே பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் இன்னொரு முறையைத் துணைக்கு அழைத்தார்கள். விழும் ஒளியில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பியனுப்பும் இரு ஆடிகளுக்கிடையே சுடரை வைத்து, லேசர்த் துடிப்பு ஒன்றை அடைத்துவிட்டால், அடித்த மணியின் நாதம் போல அது சிறுகச் சிறுகத் தேயும். இடையில் ஒளியை விழுங்கும் மூலக்கூறு இருந்தால் தேய்வு விரைவாகும். எவ்வளவு விரைவு என்பதிலிருந்து எத்தனை மூலக்கூறுகள் என்று கணிக்கலாம். வளிமண்டல அழுத்தத்தில் சுடரின் முகப்பு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இராது என்பதால், அழுத்தத்தை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைத்து அதை விரித்துக்கொண்டார்கள். 2010-இல் வெளியான அவர்களது அளவீடுகளுக்குப் பின் என்.சி.என். வழியை மறுப்பது கடினமாயிற்று.

திருச்சிக்கு இந்தத் துறையில் ஓர் உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே, அகச்சிவப்பு ஒளியை விழுங்காத நைட்ரஜன் மூலக்கூறைச் சுடருக்குள் காணப் பெரிதும் உதவுகிறது. அச்சிதறலின் லேசர் வடிவங்கள் நைட்ரஜனைக் கொண்டே சுடரின் வெப்பநிலையை அளக்கின்றன. செல்டோவிச்சின் வழி வெப்பநிலையைச் சார்ந்து மிகக் கூர்மையாக ஏறுவதால், அந்த வெப்பநிலை பிழைத்தால் மற்றக் கணக்கெல்லாம் பிழைத்துவிடும்.

நைட்ரிக் ஆக்சைடை அழிப்பதற்கும் இத்தகைய குறுவாழ்வுத் துண்டுகளே கைகொடுக்கின்றன. மின் நிலையக் கொதிகலன்களில், ஏறத்தாழ 1100 முதல் 1400 கெல்வின் வரையிலான வாயுவில் அம்மோனியாவையோ யூரியாவையோ தெளித்தால், அதிலிருந்து பிறக்கும் என்.எச்.2 என்னும் தனியுறுப்பு நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்னும் வாகனப் புகை விதிப்படி செய்யப்பட்ட கனரக லாரிகள் யூரியாக் கரைசல் தொட்டியைச் சுமப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான், ஆனால் அங்கு வினையை நடத்துவது வினையூக்கியின் பரப்பு. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமாக இருந்த வரம்பு 0.4 கிராமாகக் குறைந்ததற்கு இந்தத் தொட்டிகள் பெரிதும் துணைநின்றன.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையங்களுள் ஒன்றாக்கும் திட்டம் அம்மோனியாவையே எரிபொருளாக்கும் பேச்சோடு சேர்ந்து வருவதால், இந்த அளவீடுகளுக்கு இப்போது புதிய தேவை எழுந்திருக்கிறது. அம்மோனியாவில் கார்பன் இல்லை. ஆனால் எரிபொருளே நைட்ரஜனைச் சுமக்கிறது. அச்சுடரில் என்.எச். தனியுறுப்பு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு பிறக்கலாம். அது புகைபோக்கி வரை தப்பிச் செல்கிறதா, சுடரின் வெம்மையிலேயே சிதைகிறதா என்பது எரிகலனின் வடிவமைப்பைப் பொறுத்தது. அந்த வடிவமைப்புக்கு வேண்டிய முதல் எண்களுள் ஒன்று, 336 நானோமீட்டர் லேசர் தரும் என்.எச். அளவு.